தப்பு டீச்சரின் இரண்டாம் பக்கம்

கிட்ட வாருங்கள் கண்ணுகளா, இன்னும் கொஞ்சம் கிட்ட. கையில் இருக்கிற வேலை கையிலேயே இருக்கட்டும். காதை மட்டும் இந்தப் பக்கம் கொடுங்கள். இன்றைக்கு உங்களுக்குச் சொல்லப்போவது ஒரே ஒரு காலைப் பொழுதின் கதை. ஏழு மணிக்குத் தொடங்கிப் பன்னிரண்டரைக்குள் முடிந்துவிடும். அதற்குள் ஒரு வீட்டைச் சேர்ந்த மூன்று பேர் ஒருவரை ஒருவர் புதிதாகப் பார்த்துக்கொண்டார்கள். பார்த்தது ஒருவருக்கும் பிடிக்கவில்லை.

போன வாரம் விட்ட இடம் உங்களுக்கு நினைவிருக்கும். புதிதாக வந்து உட்காருகிறவர்களுக்காக நாலு வார்த்தை.

நம் டீச்சர் எட்டாம் வகுப்புக்கு அறிவியல் நடத்துகிறவள். இருபத்திரண்டு வருட சர்வீஸ். கணவன் போய்ச் சேர்ந்தபோது மகளுக்கு நான்கு வயது. அன்றிலிருந்து தோள் கொடுத்தவன் தம்பி ஒருவன்தான். அந்த மகள் இப்போது வேறொரு பள்ளியில் அதே அறிவியலை நடத்துகிறாள். எல்லாருக்கும் அவள் சின்ன டீச்சர். வேலைக்குச் சேர்ந்து ஒரு வருடம் முடியவில்லை, வேலை இன்னும் நிரந்தரம் ஆகவில்லை.

டீச்சருக்கு ஒரு வழக்கம். பிள்ளைகளுக்குக் கொடுக்கிற ஒவ்வொரு பயிற்சித் தாளிலும் வேண்டுமென்றே ஒரு தப்பை வைப்பாள். தாளின் அடியில், "இதில் ஒரு தப்பு இருக்கிறது, பிடி பார்க்கலாம்" என்று ஒரு வரி இருக்கும். இரண்டாம் பக்கத்தில் அந்தத் தப்பு எது, ஏன் தப்பு என்ற விளக்கம். தப்பைத் தேடுகிற சாக்கில் பிள்ளை தாளை நாலு தடவை படித்துவிடும் என்பது அவள் கணக்கு. பிள்ளைகள் அவளுக்கு வைத்த பெயரே தப்பு டீச்சர். காதில் விழுந்தால் அவளுக்குக் கோபம் வராது, முகம் மலரும்.

ஏழு வருடத்துக்கு முன்னால் தம்பி அந்தத் தாள்களை இணையத்தில் ஏற்றினான். யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம். எங்கெங்கோ இருக்கிற ஆசிரியர்கள் எடுத்தார்கள். இந்த வருடத் தொடக்கத்தில், ஆசிரியர்களுக்கும் மாணவர்களுக்கும் பயன்படும் இணையதளங்கள் என்று கல்வி அலுவலகம் ஒரு பட்டியல் வெளியிட்டபோது, பன்னிரண்டில் முதல் இடம் இவர்களுக்கு.

அப்புறம்தான் எல்லாப் பள்ளிக்கும் பொதுவான பரீட்சை வந்தது. இருநூற்றுச் சொச்சம் பிள்ளைகள் ஒரே கேள்விக்கு ஒரே தப்பான விடையை எழுதியிருந்தார்கள், வார்த்தை பிசகாமல். நுரையீரலிலிருந்து திரும்பும் ரத்தம் இதயத்தின் வலது மேலறைக்கு வருகிறதாம். வரவேண்டியது இடது மேலறைக்கு. புத்தகத்தில் சரியாகத்தான் இருந்தது. தாள் கையில் இருக்கும்போது புத்தகத்தை யார் புரட்டுகிறார்கள்?

அது டீச்சர் வைத்த தப்பு. விசாரணைக் கடிதம் டீச்சருக்கு ஒன்று, தம்பிக்கு ஒன்று, சின்ன டீச்சருக்கு ஒன்று. இன்று பதினொரு மணிக்கு வரச் சொல்லி.

ஏழு மணிக்கு டீச்சர் இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள். அழைப்பு மணி அடித்தது. கதவைத் திறந்தால் தம்பி.

"என்னடா, உன்கிட்டதான் சாவி இருக்கே."

"தூங்கிட்டு இருப்பியோன்னு..."

"நான் அஞ்சு மணிக்கு எழுந்திருக்கிறவள்னு உனக்குத் தெரியாது பாரு, பாவம்."

அவன் சிரித்தான். வீட்டுக்குள் வந்தால் நேரே சமையலறைக்குப் போய் எந்த டப்பாவில் என்ன இருக்கிறது என்று ஆராய்கிறவன், இன்றைக்கு நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தான். பல் வைத்தியரைப் பார்க்கக் காத்திருப்பவன் மாதிரி.

"அந்த விசாரணை அம்மாவைப் பார்க்கவா இவ்வளவு இஸ்திரி? மடிப்புல கையை அறுத்துக்கப் போறாங்க."

"எனக்கு ஒண்ணும் பயமில்லடா." டீச்சர் துணியை உதறி மடித்தாள். "யாரோ முதல் பக்கத்தை மட்டும் பிரிண்ட் எடுத்துப் பசங்களுக்குக் குடுத்திருக்காங்க. ரெண்டாம் பக்கத்தை அந்த அம்மா முன்னாடி வெச்சா பேச்சு முடிஞ்சுது. எங்க, உன் போன்ல சைட்டைத் திற. ஒரு தடவை பார்த்துக்கறேன்."

தம்பி போனை எடுக்கவில்லை.

"ரெண்டாம் பக்கம் இல்லக்கா."

"எந்தப் பாடத்துக்கு?"

"எந்தப் பாடத்துக்கும்."

இஸ்திரிப் பெட்டி துணியின் மேலேயே இருந்தது. லேசாகத் தீய்ந்த வாசனை வந்ததும்தான் அவள் அதைத் தூக்கி நிறுத்தினாள்.

தம்பி தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னான். பட்டியலில் சேர விண்ணப்பம் கொடுத்தபோது ஒரு விதி இருந்ததாம். பாடத்துக்கு ஒரே பக்கம். சிக்னல் சரியாகக் கிடைக்காத இடத்துப் பிள்ளைகளுக்கும் போனில் சட்டென்று திறக்க வேண்டும் என்பதற்காக. தாளில் வகுப்பறைக் குறிப்புகள் எதுவும் இருக்கக் கூடாது என்று இன்னொரு விதி. அதனால் அடியில் இருந்த அந்த வரியும் போயிற்று.

"விதி நியாயமானதுதான்" என்றாள் டீச்சர். "அப்போ தப்பையும் திருத்திட்டு ஏத்தியிருக்கணும்."

"இருநூத்திப் பதினாலு பாடம்க்கா. அன்னிக்கு சாயங்காலம் அஞ்சு மணியோட கடைசி. வாத்தியாருங்கதானே எடுக்கப் போறாங்க, பார்த்தா தெரிஞ்சுக்குவாங்கன்னு நெனச்சேன்."

"பார்த்தா."

"ம்."

"போன்ல பயிற்சின்னு ஒண்ணு போட்டியே. சரியான விடையைத் தட்டினா பச்சையா வருமே. அதுக்கு விடை எங்கேருந்து எடுத்தே?"

"தாள்லேருந்து தானா எடுத்துக்கிற மாதிரி..."

"தானா." டீச்சர் அந்த வார்த்தையை வாயில் வைத்து ஒரு தடவை மென்றாள். "நான் வெச்ச தப்புக்கு நீ பச்சை விளக்கு காட்டியிருக்கே. ஏன்டா, என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா?"

"சொன்னா நீ விட்டிருக்க மாட்டே."

அது மட்டும் கலப்படமில்லாத உண்மை.

இதயம் ஒன்றுதான் பரீட்சையில் கேட்கப்பட்டதால் வெளியே வந்தது. மீதி இருநூற்றுப் பதிமூன்று தப்புகள்? அவை எத்தனையோ பிள்ளைகளின் தலைக்குள் சத்தமில்லாமல் போய்ச் சம்மணம் போட்டு உட்கார்ந்திருக்கின்றன. டீச்சர் இஸ்திரிப் பெட்டியின் சுவிட்சை அணைத்தாள்.

"அவங்களுக்கு என்ன பதில் எழுதினே?"

"தாள்களை வந்தபடியே ஏத்தினோம்னு. நேத்தே அனுப்பிட்டேன்."

"அப்போ ரெண்டு பக்கம் அனுப்பினேன்னு நான் சொன்னா?"

"அதான்க்கா வந்தேன்." அவன் இப்போதுதான் நிமிர்ந்து பார்த்தான். "விளக்கம் அனுப்ப மறந்துட்டேன்னு சொல்லிடு. இருபத்திரண்டு வருஷ சர்வீஸ், உன்னை என்ன பண்ணிடுவாங்க? ஒரு கடிதம் குடுத்துட்டு விட்டுடுவாங்க. சைட்டு போச்சுன்னா எத்தனை வாத்தியாருங்க நடுத்தெருவுல நிப்பாங்க, யோசிச்சுப் பாரு."

"வாத்தியாருங்களுக்காகவா பேசறே?"

"எல்லாருக்காகவும்தான்."

"எல்லாரும்னா யாருடான்னு கேட்டா நீ உன் நெஞ்சைத்தான் தொட்டுக் காட்டுவே."

அவன் முகம் சுருங்கியது. ஆனாலும் வைத்திருந்த கடைசிச் சீட்டை இறக்கினான்.

"பாப்பாவுக்காகன்னு வெச்சுக்கோ. அவ வகுப்புல நாப்பத்தோரு பசங்க. பச்சையைப் பார்த்து மார்க் போட்டிருக்கா. பக்கத்தை வெட்டினது நான்னு தெரிஞ்சா முதல்ல யாரைக் கேப்பாங்க? மாமா வெட்டினது மருமகளுக்குத் தெரியாதான்னுதானே? இன்னும் வேலை பர்மனென்ட் ஆகலை அவளுக்கு. நீ மறந்துட்டேன்னா, அவ அம்மாவை நம்பினாங்கிறதோட போயிடும்."

டீச்சர் தீய்ந்த துணியை மடித்துப் பீரோவின் அடித்தட்டில் தள்ளினாள். வேறொன்றை எடுத்துப் போட்டுக்கொள்ள உள்ளே போனாள். கதவு சாத்துவதற்கு முன்னால், "டீ போட்டுக் குடிச்சுட்டுப் போ" என்றாள். இத்தனைக்குப் பிறகும் அந்த வாய்க்கு அப்படித்தான் பழக்கம்.

கல்வி அலுவலகத்தின் மாடிப்படிக்குக் கீழே ஒரு நீள பெஞ்சு. பக்கத்தில் குடிதண்ணீர்க் குழாய், அது சொட்டிக்கொண்டே இருந்தது. பத்தேகாலுக்கு டீச்சர் போனபோது சின்ன டீச்சர் ஏற்கெனவே அங்கே உட்கார்ந்து போனை நோண்டிக்கொண்டிருந்தாள்.

"சாப்பிட்டியா?"

"ம்."

"என்ன சாப்பிட்டே?"

"அம்மா, விசாரணை உள்ளே. நீ வெளியிலேயே ஆரம்பிக்காதே."

டீச்சர் அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"ஒண்ணே ஒண்ணு கேக்கறேன்" என்றாள் டீச்சர். "திட்டறதுக்குக் கேக்கலை. வேற யாருக்கும் தெரியாம இருக்கலாம். என் தாள்ல தப்பு இருக்கும்னு உனக்குத் தெரியும். அடியில வரி இல்லைன்னாலும் நீ தேடியிருப்பியே. இதயம் உனக்குத் தெரியாத பாடமா?"

"தெரியும்."

"அப்புறம்?"

"படிக்கலை." மகள் போனைக் கவிழ்த்து மடியில் வைத்தாள். "ஆறு வகுப்பு எனக்கு. அதுக்கு மேல ரெஜிஸ்டர், அதுக்கு மேல மீட்டிங். பட்டியல்ல முதல்ல இருக்கிற சைட்டு, உன் தாள். பிரிண்ட் எடுத்தேன், குடுத்தேன். பசங்க போன்ல தட்டினாங்க, பச்சை வந்துச்சு, மார்க் போட்டேன். போதுமா?"

"சின்ன வயசுல நீ என் தாளை அப்படி விட மாட்டியே. எட்டாம் வகுப்புல வாராவாரம் தப்பைப் பிடிச்சு நட்சத்திரம் வாங்கினவ நீ ஒருத்திதான். முப்பத்தொம்பது வாரம். நான் எண்ணி வெச்சிருக்கேன்."

மகள் சிரித்தாள். அது அவள் மாமாவின் சிரிப்பு, வாய் மட்டும் சிரிக்கும்.

"அதுல ஒண்ணு கூட என்னோடது இல்லம்மா."

"என்ன சொல்றே?"

"மாமாதானே உனக்குத் தாளெல்லாம் ஜெராக்ஸ் எடுத்துக் குடுப்பார். ரெண்டாம் பக்கத்தைப் பார்த்து வெச்சுக்குவார். காலையில பைக்ல கூட்டிட்டு வரும்போது ஸ்கூல் கேட்டுக்கிட்ட நிறுத்தி, இன்னிக்கு இதுதான் பாப்பான்னு சொல்லிடுவார். நான் தேடவே மாட்டேன். கொஞ்ச நேரம் தேடற மாதிரி முகத்தை வெச்சுக்கிட்டுக் கையைத் தூக்குவேன்."

"ஏன்டி?" என்றாள் டீச்சர்.

"யாராவது தப்பைப் பிடிச்சா நீ சிரிப்பே. வீட்ல நீ சிரிச்சு நான் பார்த்ததில்லை. அப்பா போனப்புறம் காலையில எழுந்து ஓடுவே, ராத்திரி வந்து தாள் எழுதுவே. எனக்கும் ஒண்ணு வேணும்னு இருந்துச்சு. மாமா வாங்கிக் குடுத்தார்."

அவள் குரலில் அழுகை இல்லை. அதுதான் டீச்சரை அறுத்தது. பழைய பரீட்சைத் தாளைப் படித்துக் காட்டுகிற மாதிரி சொன்னாள்.

பத்தேமுக்காலுக்குத் தம்பி வந்து பெஞ்சின் மறு நுனியில் உட்கார்ந்தான். அக்காவின் முகத்தைப் பார்த்துவிட்டு மருமகளின் முகத்தைப் பார்த்தான்.

அந்தக் கால் மணி நேரத்தில் டீச்சர் முடிவெடுத்தாள். இருபத்திரண்டு வருடமாக அடுத்த வீட்டுப் பிள்ளைகளைப் பார்த்துச் சிரித்திருக்கிறோம், சொந்தப் பிள்ளை அதைக் கடன் வாங்கித் தின்றிருக்கிறது. போகட்டும். மறந்துவிட்டேன் என்று சொல்லிவிடலாம். வேறெதுவும் அவளுக்குத் தந்ததில்லை, இதையாவது தருவோம். உள்ளே போய் நாற்காலியில் உட்கார்ந்ததும், மற்றவர்கள் வாய் திறப்பதற்கு முன்னால் தானே எழுந்து சொல்லிவிட வேண்டும். அப்போது மகள் தன்னைத் திரும்பிப் பார்ப்பாள். அந்தப் பார்வையை டீச்சர் இப்போதே மனதுக்குள் ஒரு தடவை பார்த்துக்கொண்டாள்.

மாடி அறையில் இருந்த விசாரணை அதிகாரி ஓர் அம்மாள். கண்ணாடியைக் கழுத்தில் தொங்கவிட்டிருந்தாள். முன்னால் பரீட்சைத் தாள்களின் கட்டு, அதன் மேல் டீச்சரின் இதயத் தாள், ஒரே பக்கம். மூன்று பேரையும் உட்காரச் சொன்னாள். டீச்சர் பேச வாயெடுத்தாள்.

"உங்களை அப்புறம் கேக்கறேன்மா. வரிசைப்படி வரட்டும்."

தம்பி தன் கடிதத்தில் எழுதியதையே சொன்னான். வந்தபடியே ஏற்றினோம். ஒரு எழுத்தைக்கூடத் தொடவில்லை. சொல்லும்போது அக்காவின் பக்கம் திரும்பாமல் பார்த்துக்கொண்டான்.

"நீங்க சொல்லுங்க" என்றாள் அதிகாரி சின்ன டீச்சரிடம். "வகுப்புல குடுக்கறதுக்கு முன்னாடி இதைப் படிச்சீங்களா?"

"எங்க அம்மா எழுதினது மேடம். அதனால சரியாதான் இருக்கும்னு..."

"அம்மா எழுதினா படிக்க வேண்டாமா?"

மகள் ஒரு நொடி கையைப் பிசைந்தாள். அப்புறம் நிமிர்ந்தாள்.

"அம்மா தாள்ல வேணும்னே தப்பு வைப்பாங்க மேடம். அவங்க பழக்கம் அது. வேண்டாம்மா, ஒரு நாள் இல்லைன்னா ஒரு நாள் விளக்கத்தை விட்டுடுவே, பசங்க தலையில விடியும்னு நானும் மாமாவும் எத்தனையோ தடவை சொல்லிட்டோம். கேக்கவே மாட்டாங்க. இந்தத் தடவை விட்டுட்டாங்க போல. எனக்குத் தெரிஞ்சிருந்தா குடுத்திருக்கவே மாட்டேன்."

அப்படி ஒரு நாளும் அவர்கள் சொன்னதில்லை. அந்த வீட்டில் அந்தப் பேச்சே நடந்ததில்லை.

டீச்சர் மகளைப் பார்த்தாள். இரண்டு கையிலும் ஏந்தி, இதோ வாங்கிக்கொள் என்று நீட்ட வைத்திருந்ததை, மகள் பின்னாலிருந்து வந்து பறித்துக்கொண்டு போய்விட்டாள். இனிமேல் கொடுப்பதற்கு ஒன்றுமில்லை. இல்லை என்று சொல்லலாம், ஆமாம் என்று சொல்லலாம், அவ்வளவுதான்.

"அம்மா," என்றாள் அதிகாரி, "இது உங்க தாளா?"

"என் தாள்தான்."

"இப்படியேதான் அனுப்பினீங்களா? ஒரே பக்கமா?"

மேலே விசிறி ஒரு பக்கமாக ஆடிக்கொண்டே சுற்றியது. தம்பியின் கால் மேசைக்கு அடியில் தட்டிக்கொண்டிருந்தது, நின்றது.

"ஆமாம்."

"விளக்கம்?"

"மறந்துட்டேன்."

"இதுக்கு மட்டுமா?"

"எல்லாத்துக்கும்."

"இருநூத்திப் பதினாலு பாடத்துக்கும் மறந்துட்டீங்க." அதிகாரி கண்ணாடியை எடுத்து மூக்கில் வைத்துக்கொண்டு பார்த்தாள். "இருபத்திரண்டு வருஷ அனுபவம். நம்ப முடியலையேம்மா."

"எனக்கும்தான் மேடம்."

எழுதிக் கொடுக்கச் சொன்னாள். டீச்சர் எழுதினாள். கையெழுத்து எப்போதும் போல முத்து முத்தாகத்தான் விழுந்தது. எழுதி முடித்துப் பேனாவை மூடிவிட்டு ஒன்று கேட்டாள்.

"மத்த இருநூத்திப் பதிமூணுக்கும் எது தப்பு, எது சரின்னு நான் உக்காந்து எழுதித் தந்துடறேன். எல்லாப் பள்ளிக்கும் அனுப்பிடுங்க மேடம். பசங்க அதையே மனசுல வெச்சுக்கிட்டு மேல் வகுப்புக்குப் போயிடுவாங்க."

"எல்லாத்தையும் மறந்துட்டேன்னு இப்போதான் எழுதிக் குடுத்திருக்கீங்க. இனிமே உங்ககிட்டேருந்து ஒண்ணு வாங்கி நாங்க எப்படிம்மா அனுப்ப முடியும்?"

அதற்கு அந்த அம்மாளைக் குறை சொல்ல முடியாது கண்ணுகளா. அவள் இடத்தில் யார் இருந்தாலும் அதையேதான் சொல்வார்கள்.

முடிவு வரும் வரைக்கும் டீச்சர் எட்டாம் வகுப்புக்குள் போக வேண்டாம். சின்ன டீச்சரின் பள்ளிக்கு, இனிமேல் கவனமாக இருக்கச் சொல்லி ஒரு கடிதம் போகும், அதோடு சரி. இணையதளம் இன்றைக்கே பட்டியலிலிருந்து எடுக்கப்படும்.

"மேடம், சைட்டு என்ன மேடம் தப்பு பண்ணுச்சு?" என்றான் தம்பி. "அதான் அக்கா ஒத்துக்கிட்டாங்களே."

"தப்பான தாளுன்னு அவங்க ஒத்துக்கிட்டாங்க. தப்பான தாள் இருக்கிற சைட்டை நான் எப்படி வெச்சிருக்கிறது?"

போட்ட திட்டத்தில் இந்த ஒன்றை மட்டும் அவன் யோசித்திருக்கவில்லை.

"நீங்க போகலாம்" என்றாள் அதிகாரி. பிறகு எழுத்தரைப் பார்த்து, "வெளியில இன்னொருத்தங்க மனு குடுத்துட்டு உக்காந்திருக்காங்களே, அவங்களையும் கேட்டுட்டு ஃபைலை மூடிடலாம். அஞ்சு நிமிஷம் கழிச்சு அனுப்புங்க" என்றாள்.

வெளியே வந்ததும் தம்பி போனைக் காதில் வைத்துக்கொண்டு விறுவிறுவென்று படியிறங்கினான். சின்ன டீச்சர் தோள்பையைச் சரிசெய்துகொண்டு நின்றாள்.

"மத்தியானம் எனக்கு வகுப்பு இருக்கும்மா. மாமா பைக்ல போயிடறேன்."

"போ."

"உனக்குக் கோபமா?"

டீச்சர் படிக்கட்டைப் பார்த்தாள்.

"நீ எப்படியும் மறந்துட்டேன்னுதானே சொல்றதா இருந்தே? காலையிலேயே மாமா போன் பண்ணிச் சொல்லிட்டார்."

"தெரிஞ்சும் எதுக்கு முந்திக்கிட்டே?"

மகள் கைப்பிடிச் சுவரைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "உள்ளே போய் நீ மாறிட்டேன்னா நான் என்ன பண்றது?"

அவள் படியிறங்கும் சத்தம் கேட்டது. ஒவ்வொரு படியாக இல்லை, இரண்டிரண்டாக. சின்னப் பிள்ளையாக இருந்தபோதும் அப்படித்தான் இறங்குவாள். விழுந்துவிடப் போகிறாள் என்று டீச்சர் இன்றைக்கும் ஒரு நொடி பதறினாள்.

"நீங்கதானே தப்பு டீச்சர்?"

சுவரோரத்து நாற்காலியிலிருந்து ஒருத்தி எழுந்து வந்தாள். முப்பது வயது இருக்கும். வெயிலில் நடந்து வந்த முகம். கையில் ஒரு பெரிய துணிப்பை, அதன் காதுகள் இரண்டும் கனத்தில் இழுபட்டு நீண்டிருந்தன.

"குரலை வெச்சுக் கண்டுபிடிச்சேன். சைட்டுல இருக்கிற உங்க வீடியோ எல்லாம் பார்த்திருக்கேன். நானும் டீச்சர்தான். ரெண்டு பஸ் மாறி வந்திருக்கேன். என்னை யாரும் கூப்பிடலை, உங்க மேல விசாரணைன்னு கேள்விப்பட்டு நானா மனு போட்டேன்."

"எதுக்கும்மா?"

"எதுக்கா?" அவள் பையைத் தூக்கிக் காட்டினாள். "ஆரம்பத்துலேர்ந்து நீங்க போட்ட தாள் அத்தனையும் இருக்கு. ரெண்டு பக்கத்தோட. பிரிண்ட் எடுத்துத் தைச்சு வெச்சிருக்கேன். இந்த வருஷம் சைட்டுல பார்த்தா ஒரு பக்கம்தான் இருக்கு. யாரோ வெட்டிட்டாங்கன்னு பார்த்ததுமே எனக்குத் தெரிஞ்சு போச்சு. என் பசங்க முப்பது பேர்ல ஒருத்தன் கூட வலதுன்னு எழுதலை."

டீச்சர் பையையே பார்த்தாள்.

"எங்க ஸ்கூல்ல ஒரே ரூம், மூணு வகுப்பு. லேப் எல்லாம் கிடையாது. உங்க தாள்தான் எங்களுக்கு லேப்" என்று அந்தத் துணிப்பைக்காரி பேசிக்கொண்டே போனாள். இத்தனை நாள் சொல்ல நினைத்ததை எல்லாம் ஒரே மூச்சில் சொல்லிவிடுகிற வேகம். "ஒரு பொண்ணு இருக்கா, சேர்ந்து ஆறு மாசம் வாயே திறக்கலை. ஊமையோன்னு கூட நெனச்சேன். ஒரு நாள் உங்க தாளைக் கையில வெச்சுக்கிட்டு எழுந்து நின்னு, டீச்சர் இங்க தப்புன்னா. அதுதான் அவ வகுப்புல பேசின முதல் பேச்சு. இப்போ வாயை மூட வைக்க முடியலை. போன மாசம் நீங்க வைக்காத தப்பு ஒண்ணையும் பிடிச்சிருக்கா. எண்பத்தெட்டாவது தாள்ல, நிழல் பாடம். அதையும் உங்ககிட்டச் சொல்லணும்னு குறிச்சு எடுத்துட்டு வந்திருக்கேன்."

டீச்சருக்குச் சிரிப்பு வந்தது. அன்றைக்கு முதல் தடவையாக. வந்த சிரிப்பு பாதியிலேயே கசந்து நின்றது.

"அந்தப் பையை உள்ளே காட்டாதீங்கம்மா."

"ஏன்?"

"ஒரு பக்கம்தான் அனுப்பினேன்னு நான் எழுதிக் குடுத்துட்டேன்."

பைக்காரி அவளை உற்றுப் பார்த்தாள். படிக்கட்டுப் பக்கம் திரும்பினாள். சற்று முன்னால் அங்கே நடந்ததை அவளும் கேட்டிருக்க வேண்டும். சின்ன இடம், சுவர்கள் எதையும் மறைக்காது.

"அது உங்க பொண்ணா?"

டீச்சர் தலையசைத்தாள்.

"நீங்க பொய் சொன்னா உங்க பொண்ணு தப்பிச்சுக்கும். சரி. எங்க பசங்க? பட்டியல்லேருந்து எடுத்துட்ட தாளைப் பிரிண்ட் எடுக்க எங்க ஹெட்மாஸ்டர் விட மாட்டார். மத்த ஸ்கூல்ல தப்பாவே படிச்சுட்டு உக்காந்திருக்கிற பசங்களுக்கு யாரு சொல்வா? எல்லாத்துக்கும் விளக்கம் இதோ இந்தப் பைக்குள்ள இருக்கு டீச்சர்."

"தெரியும்."

"தெரிஞ்சுமா காட்டாதேங்கறீங்க?"

"நீங்க காட்டினா நான் பொய் சொன்னது தெரியும். நான் பொய் சொன்னேன்னா அவ சொன்னதும் பொய்னு தெரியும். அவளுக்கு வேலை இருக்காது. என் தம்பிக்கு எதுவுமே இருக்காது." டீச்சர் குரலைத் தாழ்த்தினாள். "உங்களைக் கும்பிட்டுக் கேக்கறேன்."

பைக்காரி பின்னால் ஓர் அடி எடுத்து வைத்தாள். இத்தனை வருடம் யாரை மனதில் வைத்து வகுப்புக்குள் நுழைந்தாளோ, அந்த மனுஷி தன் முன்னால் கை கூப்பி நிற்கிறாள். அவள் முகத்தில் அப்போது தெரிந்தது கோபம் என்றால் டீச்சரால் தாங்கியிருக்க முடியும். அது கோபம் இல்லை.

எழுத்தர் கதவைத் திறந்து தலையை நீட்டினார். "மனு குடுத்தவங்க யாரு? உள்ளே வாங்க."

பைக்காரி சரி என்றும் சொல்லவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை. பையை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றிக்கொண்டு உள்ளே போனாள். கதவு தானாக மூடிக்கொண்டது.

டீச்சர் வீட்டுக்குக் கிளம்பியிருக்கலாம். கீழே பஸ் வந்து நின்று, ஆளை ஏற்றிக்கொண்டு போகும் சத்தம் கேட்டது. அவள் அசையவில்லை. அந்தப் பெண் வெறும் நாலு நல்ல வார்த்தை சொல்லிவிட்டு வெளியே வந்துவிட வேண்டும் என்று மனதார வேண்டிக்கொள்ளப் பார்த்தாள். மகள் முகத்தை நினைத்துக்கொண்டு வேண்டினாள். தம்பி முகத்தை நினைத்துக்கொண்டு வேண்டினாள். ஆறு மாதம் வாய் திறக்காமல் இருந்து, ஒரு நாள் எழுந்து நின்ற முகம் தெரியாத அந்தப் பெண் பிள்ளைதான் குறுக்கே குறுக்கே வந்து நின்றாள். வேண்டுதல் பாதியில் அறுந்துபோனது.

கதவுக்கு அந்தப் பக்கம் மேசை மேல் கனமாக ஏதோ வைக்கிற சத்தம் கேட்டது.

நல்லது கண்ணுகளா, இதோடு நிறுத்திக்கொள்வோம். பக்கத்தில் உட்கார்ந்து இவ்வளவு நேரம் கேட்ட உங்களுக்கு ஒரு குறையும் வராது. உங்கள் வீட்டு வாசல் தாண்டிப் போகிறவர்கள் போன முகத்தோடு திரும்பி வரட்டும். உங்கள் பிள்ளைகளுக்கு உங்களிடம் உண்மை சொல்லப் பயமில்லாமல் இருக்கட்டும். உங்களுக்கும் அதைக் கேட்கிற தெம்பு இருக்கட்டும். அடுப்பு அணையாமல், சோற்றுக்குக் குறைவில்லாமல், ஒரு கூரைக்குக் கீழே எல்லாரும் நன்றாக இருங்கள்.